நேர்ப் பார்வை

நான் கதைக்கும்போது என் கணவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் பக்கத்தில் இருக்கும் வத்சலாவையே பார்ப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அறை எடுத்திருப்பவள். எனக்குப் பற்றி எரியும்.

இரத்தத்தில் சீனி கூடி அவருக்குச் சலரோகம் முற்றி, போன கிழமை கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். டொக்டர் அதை எனக்குக் காட்டினார்.

"விழித்திரையின்ர நடுப்பகுதி பழுதாப் போச்சு, அம்மா. நேரே பார்த்தா முகம் தெரியாது. ஒராளைப் பார்க்கிறதெண்டா அந்த ஆளுக்குப் பக்கத்திலதான் பார்க்கவேணும்."

"அப்ப இவ்வளவு நாளும் என்னையோ பார்த்தவர்?"

"ஓம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம் மனுசன்! வீட்டுக்கு வந்ததும் வத்சலாவையும் கூப்பிட்டு, என் பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

அவர் என் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி, பக்கத்தில் இருந்த வத்சலாவைப் பார்த்தேன்.