ஒரு மோதல் முடியும்வரை

விட்மர் ஓடி வருவதை அவன் தன் கால்களுக்கு இடையே தலைகீழாகப் பார்த்தான்.

வரிசையின் மையத்தில் குனிந்து நிற்பவன் எதையும் அப்படித்தான் பார்ப்பான். பந்து முன்னால் தரையில் இருக்கும். அதைக் கால்களுக்கு இடையே பின்னால் எறிய வேண்டும். எறிவதற்கு முன், யாரிடம் எறிகிறோம் என்று தலைகீழாக ஒரு பார்வை.

அவன் நிமிர்ந்தான்.

விட்மர் ஆட்டம் தொடங்கும்போதே வந்திருக்க வேண்டியவன். இவ்வளவு நேரம் எங்கே நின்றிருந்தான் என்பது அவனுக்குத் தெரியும். மையத்தில் நிற்கும் இவனுடைய வீட்டுக்கு எதிரே, தெருவில். டாக்டர் வெளியே வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

மகள் ஹில்டாவுக்கு நான்கு வயது. தொண்டை அடைப்பான் என்ற தொற்றுநோய்.

வாசற்கதவில் சுகாதாரக்காரர்கள் சிவப்பு அட்டை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. வெளியே இருப்பவர் உள்ளே போகக்கூடாது. மனைவி உள்ளே. செங்கல் சூளை வேலையை விட முடியாத அவன் வெளியே. இரவில் விட்மர் வீட்டில் படுக்கை. மாலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று தொப்பியை ஆட்டுவான். உள்ளே ஒரு சின்னக் கை ஆடும்.

நேற்று ஆடவில்லை.

இன்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும் என்றார் டாக்டர்.

"இங்க நின்னு ஜன்னலை முறைச்சா அவளுக்கு மூச்சு வந்துருமா? போய் ஆடு, போ!" கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மனைவி கத்தினாள்.

வந்துவிட்டான்.

விட்மர் நேராக நடுவரிடம் போனான். யாருக்குப் பதிலாக இறங்குகிறான் என்று அவரிடம் மட்டும் சொல்லலாம்.

வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

விசித்திரமான விதிதான். ஆனால் காரணம் உண்டு. ஒஹாயோவின் ஆலை ஊர்களெல்லாம் சேர்ந்து, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, இந்த அமெரிக்கக் கால்பந்தைத் தொழிலாக நடத்தத் தொடங்கியிருந்த முதல் பருவம் அது. பெயர்தான் கால்பந்து; வேலையெல்லாம் கைக்கும் தோளுக்கும். களத்தில் நிற்கும் பதினொரு பேரும் சொந்தமாக யோசித்து ஆட வேண்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் மூளையை இரவல் தரக்கூடாது. மாற்று ஆளிடம் யோசனை சொல்லி அனுப்பிவிட்டால்? அதனால், புதிதாக இறங்குபவன் ஒரு மோதல் முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. பந்து பின்னால் பறக்கும், இரண்டு வரிசைகளும் முட்டிக்கொள்ளும், பந்தோடு ஓடுபவன் விழுவான், விசில். அதுதான் ஒரு மோதல். கொட்டாவி விடும் நேரம்கூட ஆகாது.

அதற்குமுன் பேசினால் பதினைந்து கெஜம் தண்டனை.

பயிற்சியாளர் தந்திரங்களை நினைத்து எழுதிய விதி. வேறு செய்திகளை யாரும் நினைக்கவில்லை.

நடுவர் கை காட்டினார். மையத்தில் நின்றவனுக்கு இடப்பக்கம் இருந்த ஆட்டக்காரன் வெளியே நடந்தான்.

மையத்தில் நின்றவனுக்கு மூச்சு திரும்பியது. அவனை வெளியே அழைக்கவில்லை. கெட்ட செய்தியாக இருந்தால் அழைத்திருப்பார்கள். ஓடு, ஜன்னலுக்கு ஓடு என்று தள்ளியிருப்பார்கள். பயிற்சியாளருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே காய்ச்சல் இறங்கிவிட்டது. தொண்டை திறந்துவிட்டது. இரண்டு வாய் பால்கூட இறங்கியிருக்கும்.

சிரித்துக்கொண்டே விட்மரைப் பார்த்தான்.

விதி வாய்க்கு மட்டும்தான். முகத்துக்கு விதி இல்லை. அதிலும் விட்மரின் முகத்துக்கு! சர்ச் குலுக்கலில் அவனுக்குப் பன்றிக்குட்டி பரிசு விழுந்த அன்று, அவன் வாயைத் திறக்கும் முன்பே தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

விட்மர் தோல் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினான். அவிழ்த்தான். மறுபடி இறுக்கினான். புல்லைப் பார்த்தான்.

வந்து பக்கத்தில் நின்றான். அங்கே தோளோடு தோள் தொட்டுத்தான் நிற்க வேண்டும்.

தொட்ட தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒருவனை வெளியே அழைக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்க முடியும் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

இனி ஓடிப் போய் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

குனிந்தான். இரண்டு கைகளையும் பந்தின்மேல் வைத்தான்.

அணித்தலைவன் மெக்ரே பின்னாலிருந்து எண்களைச் சொன்னான். மூன்றாவது எண்ணுக்குப் பந்து போக வேண்டும்.

போகவில்லை.

தலைவன் எண் சொன்னால் மோதல் தொடங்கிவிடாது. நடுவர் கை காட்டினாலும் தொடங்காது. மையத்தில் குனிந்தவன் பந்தை அசைத்தால்தான் தொடங்கும்.

தொடங்காதது முடியாது.

முடியாதவரை விட்மர் பேச முடியாது.

"என்னய்யா, முட்டையா அது? அடைகாக்குறே?" முகத்துக்கு நேர் முகமாகக் குனிந்திருந்த எதிரணிக்காரன் கேட்டான். வாயில் புகையிலை. இதுவரை முழங்கையால் அவன் விலாவைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தவன். "சீக்கிரம் பொரிச்சு விடு. இருட்டப்போகுது."

எதிர் வரிசை முழுவதும் சிரித்தது.

கேட்டவன் மட்டும் சிரிப்பை நிறுத்தினான். அவ்வளவு அருகில் இருந்து அந்த முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற விட்மரையும் பார்த்தான். மறுபடி அவனைப் பார்த்தான்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

மெக்ரே கோபத்தோடு முதல் எண்ணிலிருந்து தொடங்கினான்.

ஒன்று.

இரண்டு.

எதிரணிக்காரன் எழுந்தான். பந்து அசையும் முன்பே கோட்டைத் தாண்டி ஓரடி இந்தப் பக்கம் வந்து, யாரையும் தொடாமல், சும்மா நின்றான்.

விசில்.

எதிரணிக்கு ஐந்து கெஜம் தண்டனை. இது மோதலாகக் கணக்கில் வராது என்றார் நடுவர். எல்லோரும் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும்.

விட்மர் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு?" எதிரணித் தலைவன் தன் ஆளைப் பார்த்துக் கத்தினான்.

"கால் வழுக்கிருச்சு" என்றான் அவன்.

தரை காய்ந்து, வெடித்துக் கிடந்தது.