மொட்டைக் கடுதாசி

மகள் சிவசங்கரி காட்டிய, ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதும் இணையப் பக்கத்தைக் கலியபெருமாள் இரண்டாம் முறையும் நிதானமாகப் படித்தார். மூலக்குளம் பிரவுசிங் சென்டரில் கூட்டமில்லை.

'மூலக்குளத்தில் பெண் பார்த்திருக்கும் பாரிஸ் மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். ஏமாறாதீர்கள்.'

சிவசங்கரி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு இல்ல, ஆதாரம் இல்ல. இது கம்ப்யூட்டர்ல வந்த மொட்டைக் கடுதாசி. இப்படி எழுதுறத நம்பாதீங்கன்னு நீதானம்மா சொல்லிக்குடுத்த?"

"ஒருவேள நெசமா இருந்தா?"

"நேத்துதான் இதுல சேந்திருக்கான். இந்த ஒண்ணத் தவிர வேற எதுவும் எழுதல. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைன்னா எவனுக்கோ வயித்தெரிச்சல்."

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா."

"திரும்ப ஆரம்பிக்காத. கெளம்பு, போற வழியில பத்திரிக அடிக்கக் குடுத்துட்டுப் போவோம்."

அவர் எழுந்து வெளியே போனார். சிவசங்கரி உட்கார்ந்தபடியே அந்தப் பக்கத்தை மூடினாள். தன் வாயால் சொன்னபோதெல்லாம் காதில் வாங்காதவர், ஊரார் எழுதினாலாவது நம்புவார் என்றுதான், நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பொய்யை அவள் எழுதினாள்.