ஷகிலாவின் முதல் சுரம்

வெங்காயச் சருகைப் போல மெல்லிய கையுறை அது. மாட்டிக்கொண்டதும், பிறந்ததிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்த ஷகிலாவின் கை, காற்றில்லாத நாளின் குளம்போல அசையாமல் நின்றது. எட்டு மாதம் அலைந்து அதை வாங்கி வந்த அம்மா, "யார்ட்டயும் சொல்லாத. மேடையில கேட்டு அசந்து போகட்டும்" என்றாள்.

அவர்களுடைய இளைஞர் இசைக்குழுவில் நாற்பது பேர். பாதிப் பேருக்குப் பார்வை கிடையாது. அதனால் கையசைத்து நடத்துபவரும் கிடையாது. பார்வை உள்ளவர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஷகிலா வயலினில் முதல் சுரத்தை இழுத்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மூன்று வருடப் பழக்கம்.

தூத்துக்குடி அரங்கில் விளக்குகள் தணிந்தன. ஷகிலா வில்லை இழுத்தாள். ஒரு பிசிறில்லாமல் சுரம் நீண்டுகொண்டே போனது. முன்வரிசையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒருவரும் சேரவில்லை.

பக்கத்தில் புல்லாங்குழலோடு அமர்ந்திருந்த பெனிட்டோ, பார்வையில்லாத முகத்தை அவள் பக்கம் சாய்த்துக் கிசுகிசுத்தான். "யாருங்க அது, சுதி சேக்கிறது? எங்க ஷகிலா இன்னும் வரலையா?"

ஷகிலா வில்லை மடியில் வைத்துவிட்டுக் கையுறையை உரித்தாள். மறுபடி இழுத்தபோது கை நடுங்கியது. கல் விழுந்த தண்ணீராய்ச் சுரம் சிற்றலை சிற்றலையாக விரிந்தது. அந்த அலைமேல் ஒவ்வொரு வாத்தியமாக ஏறிக்கொள்ள, அரங்கமே மிதக்கத் தொடங்கியது.

பெனிட்டோ குழலை உதட்டருகே கொண்டுபோய், ஊதாமல் சிரித்தான்.

"வந்துட்டியா? எவ்வளவு நேரமாக் காத்துக் கெடக்கோம்!"