ஆண் வழிச் சொந்தம்

"நான் குடுக்க மாட்டேன்" என்றான் சிகுர்ட். சொல்லிவிட்டு வாஃபிள் மேல் பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டுக்கொண்டான்.

 ரொவேனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கன்னத்தின் உட்புறம் ஒரு பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள். அவ்வளவுதான். அதற்குத்தான் இந்த மறுப்பு.

சிகுர்டின் தம்பி ஹோவர்ட் போன குளிர்காலத்தில் படகோடு போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸில் ரொவேனாவுக்குப் பிறந்த எமிலுக்கு அவன்தான் அப்பா. ஆனால் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

"நார்வேல பாதிப் பேர் இப்படித்தான் பிள்ளை பெத்துக்கறோம். காகிதம் எதுக்கு?" என்று சிரிப்பான். ஊருக்குப் போனதும் பிள்ளையைப் பதிந்துகொள்ளலாம் என்றான். கடல் முந்திக்கொண்டது.

இப்போது குடியுரிமை அலுவலகம் மரபணுச் சோதனை கேட்கிறது. ஹோவர்டின் தாய் தோருனிடம் மாதிரி எடுத்தாயிற்று. அது மட்டும் போதாதாம். தகப்பன் வழியில் ஓர் ஆண் வேண்டும், கூடப்பிறந்தவனானால் நல்லது என்கிறார்கள். இல்லாவிட்டால் ரொவேனாவின் விசா முடிகிற அன்று தாயும் பிள்ளையும் விமானம் ஏற வேண்டியதுதான்.

"ஏண்டா, தம்பிக்கு வாரிசு வந்துட்டா கடலோர வீடு ரெண்டாப் போயிடும்னு பயமா?" என்றார் மாக்னே. சிகுர்டின் செத்துப்போன தகப்பனாருக்குத் தம்பி. அந்தக் குடும்பத்தில் குரல் உயர்த்திப் பேசுகிற ஒரே ஆள்.

"அப்படியே வெச்சுக்கங்க, சித்தப்பா."

"உங்கப்பன் இருந்திருந்தா செவுள்லயே விட்டிருப்பான்."

"இருந்திருந்தா அவரே குடுத்திருப்பார். என்கிட்ட யாரும் வந்திருக்க மாட்டீங்க."

ரொவேனா எழுந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "கூயா" என்றாள். அவள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒரு நிமிஷ வேலை. எமில் உள்ள தூங்கறான். அவன் மூஞ்சியப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, முடியாதுன்னு."

சிகுர்ட் நிமிரவில்லை.

அவள் தோருனைப் பார்த்தாள். பேரனுக்குக் கம்பளிக் காலுறை பின்னிப் போட்டவள். தோருன் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேசைவிரிப்பு நனைகிற வரை ஊற்றினாள்.

"அவன வற்புறுத்தாதீங்க" என்றாள் மெதுவாக. "இஷ்டமில்லன்னா விட்டுடுங்க."

இவளுமா என்று ரொவேனாவின் மனம் கசந்தது. வெளியே தேன், உள்ளே விஷம். இந்த வீட்டில்தான் ஹோவர்டும் பிறந்தானா?

"நல்ல அம்மா, நல்ல பிள்ளை" என்றார் மாக்னே. "செத்தவனுக்குச் செய்ய இந்த வீட்ல ஒருத்தனுக்கும் மனசில்ல."

சிகுர்ட் இப்போதுதான் தலையைத் தூக்கினான். "உங்களுக்கு இருக்கே. நீங்க குடுங்களேன்."

"நானா?"

"ஏன்? நீங்களும் அப்பாவும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்கதானே? ஆம்பளை வழிதானே கேக்கறாங்க?"

"அது... கூடப்பிறந்தவன்னுதானே சொல்லியிருக்கான்..."

"கூடப்பிறந்தவனானா நல்லதுன்னுதான் சொல்லியிருக்கான். ஹோவர்ட் இந்தப் பொண்ணப் பத்திச் சொன்னப்ப, 'யாருக்குப் பொறந்த பிள்ளையோ'ன்னு படகுத்துறையில நின்னு பேசினது யாரு? இப்ப சோதிச்சுப் பாத்துடலாமே. இல்ல, வாய் மட்டும்தானா?"

மாக்னேயின் கழுத்துவரை சிவந்துவிட்டது. ரொவேனாவைப் பார்க்காமல் எழுந்தார். "நாளைக்கே வரேன். உன்ன மாதிரி ஈவு இரக்கமில்லாதவனாடா நான்?"

மறுநாள் நிஜமாகவே வந்தார், சவரம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு. அலுவலகத்தில் கேட்டதற்கு, அவர் மாதிரி தாராளமாகச் செல்லும் என்றார்கள்.

ரொவேனாவுக்கு அதற்கப்புறம் சரியான தூக்கமில்லை. பிள்ளை யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் யாரோ ஒருவன் கண்ணாடிக் குழாயைப் பார்த்துச் சொல்லப்போகிறான் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தானே செய்யும்.

பனி உருகத் தொடங்கிய வாரத்தில் முடிவு வந்தது. பொருந்தியது. எமில் ஹோவர்டின் மகன், நார்வே குடிமகன். மாக்னே ஊரெல்லாம் போய்ச் சொன்னார், ஏதோ தானே பெற்றவர் போல.

ரொவேனா நேராகப் படகுக் கொட்டகைக்குப் போனாள். சிகுர்ட் வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க தம்பி பிள்ளைதான்னு வந்துடுச்சு" என்றாள். இந்த முறை கூயா இல்லை. "உங்க உதவி இல்லாமலே."

"சந்தோஷம்."

"சந்தோஷமா? எங்க ரெண்டு பேரையும் விமானம் ஏத்தப் பாத்தீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவன் வலையைக் கீழே வைத்தான். கொட்டகை வாசலுக்குப் போய், மேலே வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். தோருன் வெளியே இல்லை.

"நான் குடுத்திருந்தா, எமில் ஹோவர்டுக்குப் பொறக்கலன்னு வந்திருக்கும்."

"என்ன சொல்றீங்க?"

"எனக்கு அப்பன் வேற, ரொவேனா. அப்பாவே ஒரு நாள் கடல்ல வெச்சுச் சொன்னார். 'நீ என் பிள்ளைதான், அதுல மாத்தமில்ல. எனக்குத் தெரியும்கறது மட்டும் உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்'னார்."

ரொவேனாவும் மேலே வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

சிகுர்ட் மறுபடி வலையை எடுத்துக்கொண்டான். "எனக்கும் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம். நான் ஈவு இரக்கமில்லாதவனாவே இருந்துட்டுப் போறேன்."