ஒரு ஆளுக்கான இடம்

நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஆவூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நான் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறேன். சாயங்கால வெயில் சிலுவைகளின் மேல் மஞ்சளாகச் சாய்கிறது. பண்ணை வீட்டு மதலேனம்மாள் தன் இரண்டு புருஷன்மாரின் கல்லறைகளுக்கு நடுவில் நிற்கிறார். லியோனுக்கும் அருள்தாசுக்கும் ஒரே அளவு செவந்திப்பூ, ஒரே அளவு மெழுகுவத்தி. காற்றில் அணையும் சுடரைக் கையால் மறைக்கிறார். லியோனின் தம்பி மகன் வந்து நிற்கிறான். "பெரியம்மா, நீங்க மறுகலியாணம் பண்ணிப் போனவங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அங்கிட்டுதான் படுக்கணும்." அருள்தாசின் மூத்த தாரத்து மகள் ஜாஸ்பின் அப்பா கல்லறையைத் துடைத்தபடி நிமிராமலே சொல்கிறாள்: "அப்பா பக்கத்துல எங்கம்மா இருக்காங்க சின்னம்மா. எடமில்ல." மதலேனம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "பாத்தியா மாசிலாமணி, ரெண்டு அரமனைக்கு நான் மருமக!" அவர்கள் போனபின் மெல்ல நடந்து மதில் ஓரம் போகிறார். அங்கே கருவேல முள்ளும் வெறும் செம்மண்ணும்தான். காலால் முள்ளை ஒதுக்கிவிட்டு, "இங்க எனக்குக் கோடு போடு. பங்குச் சாமியார்ட்ட நான் சொல்லிக்கிறேன்" என்கிறார். சுண்ணாம்புப் பொடியைக் கையில் அள்ளித் தூவிக்கொண்டே நீளக் கோடு இழுக்கிறேன். வழக்கம்போல் புருஷன் பெண்சாதி இருவருக்குமான அகலத்துக்குத் திரும்பும்போது என் தோளைத் தொட்டு நிறுத்துகிறார். "அம்புட்டு அகலம் வேணாம்ப்பா. ஒரு ஆளுக்குத்தான்."