பட்டியல்ல பதினோராவது பேர்

மணி மூணேகால். ரீடேக் அக்கா மறுபடியும் போனைத் தூக்கிக்கிட்டு ரூமை விட்டு வெளியே போயிட்டாங்க. அரை மணி நேரத்துல இது மூணாவது தடவை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு நான் தேமேன்னு உட்கார்ந்திருக்கேன். பார்வையில்லாதவங்களுக்காகப் புத்தகங்களைக் குரல்ல பதிவு பண்ற நூலகம் எங்களோடது. நான் ஒலிப்பதிவாளர். அக்கா சனிக்கிழமை தவறாம வந்து, பத்துப் பைசா வாங்காம வாசிச்சுக் கொடுக்கிறவங்க. மத்த நாள்ல ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. ஒரு வரி மனசுக்குச் சரியாப் படலைன்னா, இன்னொரு தடவைன்னு கையைத் தூக்கிடுவாங்க. ரீடேக் அக்கான்னு நான் வச்ச பேர் அவங்களுக்குத் தெரியாது.

வெளியிலேருந்து சிரிப்புச் சத்தம் வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

காரணம் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள இந்தப் புத்தகம் முடிஞ்சாகணும். நாளையிலேருந்து ரூம் பரீட்சைப் புத்தகங்களுக்கு. இன்னிக்கு முடியலைன்னா இது வரிசையில கடைசிக்குப் போயிடும், வெளியே வர இன்னும் நாலு மாசம் ஆகும்னு மேனேஜர் காலையிலேயே கறாராச் சொல்லிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, புத்தகம் அருமை. உலகத்து மொழிகளைப் பத்தினது. மொழியியல்னு அட்டையில பார்த்ததும் எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சு. ஆனா எழுதினவர் பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி எழுதியிருக்கார். இடது, வலதுன்னே சொல்லாம எல்லாத்துக்கும் திசையைச் சொல்ற ஜனங்க இருக்காங்களாம். உன் மேற்குக் கால்ல எறும்பு ஊருதுன்னுதான் சொல்வாங்களாம். நான் வீட்டுக்குப் போய், டம்ளரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்துன்னு வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

மலைக்கு மலை விசிலடிச்சே பேசிக்கிறவங்களைப் பத்தின அத்தியாயம் முடிஞ்சதும், பதிவை நிறுத்தக்கூட மறந்துட்டு வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர வேற எதையும் முழுசாப் படிக்காத ஆளு நான். இது நாலு மாசம் தூங்கப் போகுதுன்னா எனக்குக் கோபம் வருமா வராதா?

பாக்கி இருந்தது ஒரே ஒரு சொல். கடைசிப் பக்கத்துல, பேச ஆள் குறைஞ்சுபோன இருபது மொழிகளோட பட்டியல். பத்தொன்பதை அக்கா வாசிச்சுட்டாங்க. பதினோராவதுலதான் வண்டி நின்னுபோச்சு. அந்தப் பேருல வர்ற ஒரு சத்தத்தை எழுத நம்ம எழுத்துல வழியில்லைன்னு எழுதினவரே அடிக்குறிப்புல கையை விரிச்சுட்டார்.

அக்கா திரும்பி வந்து மைக் முன்னாடி உட்கார்ந்தாங்க. சொன்னாங்க. தலையை ஆட்டினாங்க. தண்ணி குடிச்சுட்டு மறுபடியும் சொன்னாங்க. தொண்டைக்குள்ளேருந்து எதையோ இழுத்து மேலே கொண்டுவர்ற மாதிரி ஒரு சத்தம். நாலே கால் வரைக்கும் இருபத்தஞ்சு டேக். எனக்கு இருபத்தஞ்சும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். பட்டியல் அச்சுப் பிரதியில இருக்குன்னு ஒரு வரி வாசிச்சுட்டு முடிச்சிடுங்க, எல்லாப் புத்தகத்துக்கும் அப்படித்தானே செய்யறோம்னார். அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு சார்னு அக்கா தன்மையாச் சொல்லிட்டு, திரும்பவும் போனும் கையுமா வெளியே கிளம்பினாங்க. மேனேஜர் என்னை முறைச்சார். நான் என்ன பண்ணட்டும்?

அவங்க உள்ளே வந்ததும் என்னால வாயைக் கட்ட முடியலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மைக்கை அழுத்தினேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த மொழியைப் பேச உலகத்துலயே ஏழு பேர்தான் பாக்கின்னு பக்கத்துலயே போட்டிருக்கு. அந்த ஏழு பேரும் வந்து உங்க உச்சரிப்புல குத்தம் சொல்லப் போறாங்களா? இதுல நடுநடுவுல அரட்டை வேற."

அக்கா கோபப்படலை. பதிவை ஓட்டச் சொன்னாங்க. கண்ணை மூடிக்கிட்டு, நிதானமா, அந்தப் பேரை ஒரு தடவை சொன்னாங்க. அப்புறம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, இன்னும் லைன்ல இருந்த போனை என் பக்கம் நீட்டி, இப்பப் பதிவானதை ஸ்பீக்கர்ல போடச் சொன்னாங்க.

போட்டேன்.

போன்ல ஒரு பொம்பளைக் குரல் சத்தமாச் சிரிச்சுது. சிரிப்பு பாதியிலேயே உடைஞ்சுபோச்சு. அப்புறம் அந்தக் குரல் அதே பேரைச் சொல்லுச்சு. திரும்பத் திரும்ப நாலஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் அழுகை கூடிக்கிட்டே போச்சு.

"யாருக்கா இது?"

"எழுதினவர்தான் நம்பர் கொடுத்தார். நீ சொன்னியே, ஏழு பேர். அதுல ஒருத்தர். ரெண்டே முக்கால்லேருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தது இவங்கதான். நான் தப்பாச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க, ஆனா விடமாட்டாங்க."

"சரிக்கா, அதுக்கு ஏன் அழணும்?"

அக்கா போனைக் கையால பொத்திக்கிட்டாங்க.

"அவங்க மொழியோட பேர் ஒரு புத்தகத்துல வர்றது இதுதான் முதல் தடவை தம்பி. மத்த ஆறு பேரும் அச்சுல பார்த்துட்டாங்க. இவங்களுக்குக் கண் தெரியாது."