ஒடியாத வெண்டைக்காய்

"இது வெண்டைக்காயா, விறகா? நுனி ஒடியவே மாட்டேங்குது. போய் மாத்திட்டு வாங்க!"

மனைவி பையைத் திருப்பி நீட்டினாள். டிரைவருக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. கடை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நடைபாலத்தின் அறுபது படிகளை ஏறி இறங்கி, இப்போதுதான் வந்திருந்தார்.

"மூணு நாலுதானே முத்தல்? அதைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தைச் செய்யேன்."

"கொழகொழன்னு இருக்கிற பிஞ்சுதான் சர்க்கரைக்கு நல்லது. டெஸ்டுக்கு இன்னும் மூணே மாசம். ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? சர்க்கரை இறங்கினால்தான் ஸ்டியரிங் என்று பஸ் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர், டெப்போ மூலையில் உட்கார்ந்து டயர் எண்ணுவதா? தலையை அடகு வைத்தாவது பாஸாகிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

டாக்டர் மாத்திரை எழுதினார். தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். போகிற போக்கில், வெண்டைக்காய் நல்லது, நார்ச்சத்து என்றும் சொல்லி வைத்தார்.

"ஆறு சக்கரத்தை ஓட்டுறவன் ரெண்டு காலால நடக்கணுமாம்!" என்று நடையை அன்றைக்கே கைகழுவிவிட்டார் டிரைவர். வெண்டைக்காயைத்தான் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் அதைக் கண்டாலே காத தூரம் ஓடியவர் அவர்.

மறுபடி அறுபது படி.

"ஏம்மா, நானே ஒடிச்சுப் பாத்து எடுத்துக்கிறேனே?"

"கை வைக்காதீங்கண்ணே!" என்றாள் காய்கறிக்காரி. "ஆளாளுக்கு நுனியை ஒடிச்சுப் போட்டா மிச்சத்தை யார் வாங்குவா? நானே பொறுக்கிப் போடுறேன்."

"நீ பொறுக்கின லட்சணத்தைத்தான் வீட்டுல பாத்தேனே!"

முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும். எதிர்வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை இருக்கிறதே என்றால், "அது முந்தாநாள் காய்" என்று மனைவி முகத்தைச் சுளித்தாள். மழையில் குடையோடு போனார். லீவு நாளிலும் போனார். காலையில் வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், மத்தியானம் பொரியல், ராத்திரி கூட்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது.

டெஸ்ட் நாளும் வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரமாதம்! நடக்கவே மாட்டேன்னீங்களே, எப்படி?"

"எல்லாம் வெண்டைக்காய் மகிமை டாக்டர்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக்கூடப் போகாமல், கையில் குடையோடு நேரே பாலம் ஏறினார். அறுபது படியும் ஏறியபோது மூச்சு வாங்கவே இல்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

"உன் முத்தலையெல்லாம் மீறிப் பாஸாயிட்டேன்மா! நாளையிலேருந்து பஸ்தான். இனிமே வெண்டைக்காய் இருக்கிற திசையிலகூடத் தலை வச்சுப் படுக்க மாட்டேன்!"

"ரொம்ப சந்தோஷம்ண்ணே" என்றாள். முகத்தில் ஏதோ யோசனை ஓடியது. வியாபாரம் போகிற கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பத்தடி போனதும்தான் குடையைக் கடையிலேயே மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு பாஸாயிட்டாரு. ஆனா இனிமே வெண்டைக்காயே வேணாங்கிறாரு. அவரை தினம் ரெண்டு தடவை நடக்க வைக்கணும்னா, நாளையிலேருந்து எந்தக் காய்ல முத்தல் கலக்கட்டும்?"